தூக்காத கை

அன்று கடல் அமைதியாக இருந்ததா, அலை அடித்ததா என்பது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. துரைசாமி என்னிடம் இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கிறான். நான் மாற்றி நினைவு வைத்திருக்கவும் கூடும். மற்றதை அவன் ஒருபோதும் மாற்றிச் சொன்னதில்லை.

அவனும் ஜியாவுல்லாவும் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரே டேனரியில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவர்கள். அது மூடியதும் சேர்ந்தே ஒரு மிதவைக் கிரேனில் வேலைக்குப் போனார்கள். ஒரு தெரு நீளத்துக்கு இரும்புத் தெப்பம். அதன்மேல் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் கிரேன். முந்நூறு டன் கான்கிரீட் உத்தரத்தைத் தூக்கி, கடலுக்குள் நிற்கும் தூண்கள்மேல் வைக்கும்.

இரும்புக் கயிறு உத்தரத்தின் விளிம்பில் உராயாமலிருக்க இடையில் ரப்பர் வைப்பார்கள். ஜியாவுல்லா மட்டும் ஊரிலிருந்து கொண்டுபோன எருமைத் தோல் துண்டைச் செருகுவான்.

“ரப்பரு நழுவும்டா தொர. நம்ம ஊர் தோலு நழுவாது.”

அன்றும் செருகிக்கொண்டிருந்தான். அதற்குள் கயிறு இறுகத் தொடங்கிவிட்டது. கிரேன் ஓட்டுபவருக்குச் சைகை காட்டுபவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. துரைசாமி பார்த்தான்.

ஆபத்தென்றால் யார் வேண்டுமானாலும் கையைத் தூக்கிக் கிரேனை நிறுத்தலாம். முதல் நாளே சொல்லித் தந்திருந்தார்கள். டேனரியில் அப்படியில்லை. மேஸ்திரி சொல்லாமல் தோல் சுழலும் டிரம்மை நிறுத்தியவனுக்கு மறுநாள் வேலை கிடையாது. துரைசாமி கையைத் தூக்காமல், மேஸ்திரி எங்கே என்று திரும்பித் தேடினான். அவர் கண்ணில் படுவதற்குள் ஜியாவுல்லாவின் வலது கையில் நான்கு விரல்கள் போய்விட்டன.

எட்டு மாதம் கழித்து, இதைச் சொல்லிவிடத்தான் ஆம்பூருக்குப் போனான்.

“வாடா கடல் ராஜா! இன்னா இப்டி எளச்சிட்ட? அங்க மீனு கம்மியா?” என்று சிரித்தான் ஜியாவுல்லா.

துரைசாமி டீ டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு, “அன்னிக்கு...” என்று ஆரம்பித்தான்.

“வுட்றா. என் தப்புதான். கயிறு இறுகறது தெரிஞ்சும் தோல சரி பண்ணினு இருந்தேன். யாராவது பாத்திருந்தா கத்தியிருக்க மாட்டாங்களா?”

துரைசாமி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்தான்.

வழியனுப்ப ஜியாவுல்லாவின் மனைவி சகீனா வாசலுக்கு வந்தாள். அவளிடம் சொன்னான்.

“நான் பாத்தேம்மா. கையத் தூக்கல.”

அவள் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“அவர்கிட்ட சொல்லிடாதீங்கண்ணா. அங்கேர்ந்து வேற யாரும் வந்து பாக்கல. தோஸ்த்துன்னு நீங்க ஒருத்தர்தான். அப்பப்ப வந்து பேசிட்டுப் போங்க, போதும்.”

“வர்றேம்மா” என்றான்.

கிரேனை வேறு துறைமுகத்துக்கு இழுத்துப் போய்விட்டார்கள். ஜியாவுல்லா ஒரு ஷூ கம்பெனியில் வாட்ச்மேனாக இருக்கிறான். சகீனா அதே கம்பெனியில் தையல் மிஷினில் உட்காருகிறாள். துரைசாமி குடியாத்தத்தில் விசைத்தறி ஓட்டுகிறான். அங்கிருந்து ஆம்பூருக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். அவன் அதற்குப் பிறகு ஒருமுறைகூடப் போகவில்லை.