பதினாலு மில்லிமீட்டர்

எங்கள் பணிமனைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. ஒரு லிட்டர் டீசலுக்கு எந்த லாரி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று திங்கட்கிழமைதோறும் மேனேஜர் அதில் எழுதிப் போடுவார். மூன்று வருஷமாக முதல் வரியில் இருந்தது நத்தை அண்ணனின் லாரிதான். நாலு புள்ளி இரண்டு.

நத்தை என்பது அவர் மெதுவாக ஓட்டுவதால் கிண்டலாக வைத்த பெயர். மேடு வருவதற்கு முன்னாலேயே வேகம் பிடித்துக்கொள்வார். சிக்னல் தூரத்தில் தெரியும்போதே காலை எடுத்துவிடுவார். பிரேக்கைத் தொடுவது அபூர்வம்.

"அண்ணே, உங்க பிரேக்கைக் கழட்டி வேற வண்டியில மாட்டிடவா? சும்மாதானே கிடக்கு" என்று ஒருமுறை கேட்டேன்.

"தாராளமா மாட்டு. நீ ரிப்பேர் பார்த்த வண்டிக்கு ரெண்டு பிரேக் இருந்தாலும் பத்தாது" என்றார்.

சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

அந்த லாரி ஒருநாள், பின் அச்சின் மேல் சுமையைத் தாங்கும் வில்பட்டை உடைந்து வந்தது. பட்டையை மாற்றியது நான். மாற்றிய பிறகு பின் அச்சு நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன் அச்சிலிருந்து பின் அச்சுவரை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்து, தாளில் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. ஏற்றிய சரக்கு வேறு காத்துக்கொண்டிருந்தது. குனிந்து கண்ணால் பார்த்தேன். நேராகத்தான் தெரிந்தது. இரண்டு கட்டத்திலும் ஒரே எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அண்ணன் வந்தார். "ஸ்டியரிங்கை நேரா வெச்சா வண்டி ஒரு பக்கமா ஒதுங்குதுப்பா."

"உங்களுக்குத்தான் தோள்பட்டை இறங்கிடுச்சு" என்றேன். ஸ்டியரிங் சக்கரத்தைக் கழற்றி, நேராகத் தெரியும்படி திருப்பி மாட்டினேன். அவ்வளவுதான் செய்தேன்.

அந்த மாதம் பலகையில் மூன்று புள்ளி எட்டு வந்தது. அடுத்த மாதமும் அதே. மேனேஜர் கணக்குப் போட்டார். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு இருநூறு லிட்டர் அதிகம்.

"இருநூறு லிட்டர் எங்கே போச்சு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

லாரிச் சாவியை வாங்கிக்கொண்டு அண்ணனை வாசலில் உட்கார வைத்தார்கள், வந்துபோகும் வண்டிகளின் எண்ணை எழுதுவதற்கு. கேன்டீனில் யாரோ, "நத்தை இப்பல்லாம் டீசல் குடிக்குதாம்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாள் கிரீஸ் அடிக்க அந்த லாரிக்கு அடியில் போனேன். வெளியே வரும்போது பின்சக்கரத்தைப் பிடித்து எழுந்தேன். டயரின் மேல் கை ஒரு திசையில் வழுக்கியது. மறுதிசையில் ரம்பம் மாதிரி கீறியது. டயர் உருளவில்லை, தரையில் தேய்ந்துகொண்டே போயிருக்கிறது. அந்த வண்டி இத்தனை நாளும் நண்டு மாதிரி சாய்ந்து நடந்திருக்கிறது. அந்த இழுப்பில்தான் இருநூறு லிட்டரும் போயிருக்கிறது.

டேப்பின் நுனியைக் கம்பியால் கட்டிவைத்துத் தனியாகவே அளந்தேன். அன்றைக்கும் இப்படிக் கட்டியிருக்கலாம். ஒரு பக்கம் பதினாலு மில்லிமீட்டர் குறைவு.

யாரிடமும் சொல்லவில்லை. போல்ட்டுகளைத் தளர்த்தி, அச்சை நகர்த்தி, சரியாக இறுக்கினேன். இனி எண் தானாக ஏறிவிடும், பேச்சு அடங்கிவிடும் என்று நினைத்தேன். வண்டியை யார் ஓட்டப்போகிறார்கள் என்பதை மட்டும் நினைக்கவில்லை.

வேறொரு டிரைவர் ஓட்டினான். திங்கட்கிழமை பலகையில் நாலு புள்ளி இரண்டு. மேனேஜர் அந்த எண்ணைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டார்.

"அதே வண்டி, அதே ரோடு. ஆளு மட்டும்தான் மாறியிருக்கான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

சந்தேகமாக இருந்ததை நான் சாட்சியாக்கிக் கொடுத்துவிட்டேன்.

மூன்று நாள் அந்த வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போனேன். அண்ணன் நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, "சாப்டியா?" என்பார். தலையாட்டிவிட்டு நடப்பேன். நான்காம் நாள் அவர் தலையைத் தூக்கவில்லை. நான் நின்று பேசாமல் போவதை, அவரைத் திருடன் என்று நானும் நம்பிவிட்டதாக எடுத்துக்கொண்டிருப்பார்.

அன்று மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் அந்தத் தாளை எடுத்துப் போட்டார். "ரெண்டு பக்கமும் ஒரே அளவுன்னு நீதானே எழுதியிருக்க? அவனைக் காப்பாத்த இப்போ கதை கட்டுறியா?"

என் கையெழுத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவரை லாரியிடம் கூட்டிப் போனேன். டயர்களை இன்னும் மாற்றவில்லை. "கையை வெச்சுப் பாருங்க சார்." அவர் இப்படியும் அப்படியும் தடவிப் பார்த்தார். பிறகு, "உன்னை என்ன பண்றதுன்னு நாளைக்குச் சொல்றேன். அவன்கிட்ட நீயே போய்ச் சொல்லு" என்றார்.

வாசலில் நின்றபடி அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாள், டேப், ஸ்டியரிங், யாருக்கும் தெரியாமல் சரிசெய்தது, எல்லாம். நடுவில் ஒரு லாரி வந்தது. அதன் எண்ணை எழுதி, உள்ளே அனுப்பிவிட்டு உட்கார்ந்தார். நான் மிச்சத்தையும் சொல்லி முடித்தேன்.

நான் எதிர்பார்த்த அடியோ வசவோ வரவில்லை. பேனாவின் மூடியை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு கோணல்?"

"பதினாலு மில்லிமீட்டர்ண்ணே."

தலையாட்டினார். "போன வாரம் உங்க அண்ணி கேட்டா. நெஜமா நீங்க எடுக்கலையான்னு. இருபத்திரெண்டு வருஷம் கூட வாழ்ந்தவ."

"மன்னிச்சிடுங்க" என்றேன். அந்தச் சொல் அங்கே எதற்கும் போதவில்லை.

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற? நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியாதா?" எழுந்து நாற்காலியில் நோட்டை வைத்தார். "வேலை அஞ்சு மணிக்கு முடியும். வீட்டுக்கு வா. இதே மாதிரி, ஒண்ணு விடாம, அவகிட்ட சொல்லு."

ஐந்து மணிக்கு அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால். அண்ணி கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும், "அடடே, உள்ள வாப்பா, உட்காரு" என்றாள்.

உட்காரவில்லை. நின்றுகொண்டே ஆரம்பித்தேன்.