லோர்னா வான்ஸின் உயரம்

தோயாநாத் பௌடேலின் கிரீன் கார்டுக்கான ஆறு பரிந்துரைக் கடிதங்களும் கையெழுத்தாகி வந்த குளிர்காலத்தில், ஆய்வக உதவியாளர் லோர்னா வான்ஸ் இரண்டு அங்குலம் குட்டையானார். கடிதத்துக்கு மூன்றில் ஒரு அங்குலம் என்று கணக்கு வருகிறது. அளந்த நாடா பழையது, சற்றுத் தொய்ந்தது. அதனால் நூலளவு முன்பின் இருக்கலாம்.

அமெரிக்காவின் அயோவாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் சோயா நோய் ஆய்வகத்தில் 1989இல் லோர்னா வேலைக்குச் சேர்ந்தபோது அவருடைய உயரம் ஐந்தடி பத்து அங்குலம். பள்ளியில் கூடைப்பந்து ஆடியவர். அதன்பின் சீனா, ஈரான், கானா என்று பல நாடுகளிலிருந்து எட்டு ஆராய்ச்சியாளர்கள் அங்கே வந்து, சிறந்த ஆராய்ச்சியாளர் என்ற பிரிவில் கார்டு வாங்கிக்கொண்டு பெரிய வேலைகளுக்குப் போனார்கள். ஒவ்வொருவருக்காகவும் லோர்னாவின் உயரத்தில் ஒன்றரை அங்குலம் போயிற்று. விதை அலமாரியின் கதவில் பென்சிலால் எட்டுக் கோடுகள் போட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் போனவரின் பெயரை எழுதி வைத்திருந்தார். மருத்துவர் எலும்பைப் படம் பிடித்துப் பார்த்து, வயதுக்கு மிக நல்ல எலும்பு என்றார். இழந்த அங்குலங்கள் யாருக்கும் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. ஒன்பதாவதாக வந்த தோயாநாத் ஞாயிறுதோறும் குளியலறைக் கதவில் சாய்ந்து தன்னை அளந்து பார்த்தான். அதே ஐந்தடி ஐந்து.

அவனுடைய ஆறு வருட விசா ஆகஸ்டில் முடிவதாக இருந்தது. அதற்குள் அவனைச் சிறந்த ஆராய்ச்சியாளன் என்று அரசு ஒப்புக்கொள்ளாவிட்டால், மனைவி சர்மிளாவும் மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகளும் அவனும் நேபாளத்துச் சித்வனுக்குத் திரும்ப வேண்டும். பரிந்துரைக் கடிதங்களை விண்ணப்பிப்பவரே எழுதி அனுப்புவதும் பேராசிரியர்கள் கையெழுத்துப் போட்டுத் தருவதும் அங்கே எல்லாரும் அறிந்த நடைமுறை. அதை யாரும் பொய் என்பதில்லை, வரைவு என்பார்கள். பழைய வரைவுகள் ஞாயிற்றுக்கிழமை மோமோ விருந்துகளில் கைமாறும். பெயரை மட்டும் வெற்றிடமாக்கிக் கொடுப்பது மரியாதை. தோயாநாத் ஆறு குரலில் எழுதினான். நெதர்லாந்துப் பேராசிரியருக்கு அடைமொழியே இல்லாமல், பிரேசில் அம்மையாருக்கு வரிக்கு இரண்டு அடைமொழியோடு. ஆறிலும் ஒரு வாக்கியம் மாறவில்லை: வேரழுகலைத் தாங்கும் நாற்றுகளை அவர் தனி ஒருவராகக் கண்டுபிடித்தார். வழக்கறிஞர் காரிகன் அம்மாள் சிகாகோவிலிருந்து தொலைபேசியில் சொல்லிச் சேர்த்த வாக்கியம் அது.

நடந்தது வேறு. பதினான்காம் ட்ரேயில் நாற்றெல்லாம் வேரழுகி விழுந்துவிட்டது, தூக்கி எறிந்துவிடுங்கள் என்று ஒரு வெள்ளிக்கிழமை லோர்னாவுக்கு மெயில் அனுப்பிவிட்டு அவன் வீட்டுக்குப் போனான். சனிக்கிழமை தண்ணீர் ஊற்ற வந்த லோர்னா, ஓரத்தில் மூன்று நாற்றுகள் நிற்பதைப் பார்த்து, எறியாமல், ஒரு துண்டு டேப்பில் ‘ஏன்?’ என்று எழுதி ஒட்டி வைத்தார். அந்த மூன்றிலிருந்துதான் கட்டுரை வந்தது, நூற்று எழுபது மேற்கோள்கள் வந்தன. கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும் வரியில் லோர்னாவின் பெயர் இருந்தது, பசுமைக்குடில் குழாயைச் சரிசெய்தவரின் பெயருக்குப் பின்னால்.

ஏப்ரலில் அரசிடமிருந்து கேள்வி வந்தது. கண்டுபிடிப்பு குழுவுடையதல்ல, இவருடையதே என்பதற்கு மேலும் ஆதாரம் வேண்டும். அப்போது உடனிருந்த யாராவது எழுதித் தந்தால் போதும் என்றார் காரிகன் அம்மாள். உடனிருந்தவர் ஒருவர்தான். தோயாநாத் அவருக்கான வாக்குமூலத்தையும் அவனே எழுதி, நான்கு நாள் பைக்குள் வைத்துக்கொண்டு போய்வந்தான். ஐந்தாம் நாள் காலையில் சர்மிளா அந்த உறையைப் பார்த்துவிட்டாள்.

“இன்னும் குடுக்கலையா?”

“எந்த மூஞ்சியோட கேக்கறது?”

“அவங்ககிட்ட கேக்க வெக்கமா இருந்தா, உங்க பொண்ணுகிட்டயாவது சொல்லுங்க, இந்த வருஷத்தோட பள்ளிக்கூடம் அவ்வளவுதான்னு. எதாவது ஒண்ணு சொல்லித்தானே ஆகணும்.”

அன்று மதியம் கொடுத்தான். லோர்னா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் படித்தார்.

“நல்லா எழுதியிருக்கப்பா. அந்த ஈரான்காரப் பொண்ணு என்னைப் பாத்திரம் கழுவறவள்னு எழுதிட்டா. நீ உதவியாளர்னு போட்டிருக்க.”

“லோர்னா, அந்த ட்ரேயைத் தூக்கிப் போடச் சொன்னவன் நான்.”

“தெரியும். மெயில் இன்னும் இருக்கு.”

“நீங்க முடியாதுன்னு சொல்லலாம்.”

“சொல்லலாம். நீ ஊருக்குப் போயிடுவ. உன் இடத்துல இன்னொருத்தன் வருவான், அவனுக்கு நான் மறுபடி அந்த நீராவி ஆட்டோகிளேவை மூடறதுலேர்ந்து சொல்லித் தரணும். நீ கத்துக்கவே ஏழு மாசம் ஆச்சு. பேனா குடு.”

அவர் கையெழுத்தைப் போட்டு முடித்தபோது, நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவருடைய கால்கள் தரையிலிருந்து எழும்பித் தொங்கின. இந்த முறை ஒன்றரை அங்குலம், ஒரே காகிதத்துக்கு. ஒன்பதாவது கோட்டைப் போடச் சொல்லிப் பென்சிலை அவனிடமே நீட்டினார். அவன் கோட்டைப் போட்டு, பக்கத்தில் தன் பெயரை எழுதினான். ஐந்தடி பத்தாக வந்தவர் நான்கடி ஆறரை ஆகியிருந்தார்.

ஜூனில் ஒப்புதல் வந்தது, அடுத்த வசந்தத்தில் கார்டும் வந்தது. வந்த வாரமே தோயாநாத் பதினான்காம் ட்ரே பற்றி உள்ளதை உள்ளபடி ஒரு பக்கம் எழுதி, இதை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று வழக்கறிஞரைக் கேட்டான். நீங்கள் நல்ல மனிதர், அதைக் கிழித்துவிடுங்கள் என்றார் அவர். கிழிப்பதற்கு முன் லோர்னாவிடம் வாசித்துக் காட்டினான். அவர் கேட்டுவிட்டு, இதுவும் நல்ல வரைவுதான் என்றார். இருவரும் விதை அலமாரிக் கதவருகே போய் அளந்தார்கள். நான்கடி ஆறரையேதான். ஏதாவது கூடியிருக்கும் என்று அவன் நினைத்திருந்ததை அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை. மதிய உணவுக்குப் போய்விட்டார்.

இலையுதிர்காலத்தில், புதிதாக வந்திருந்த சியூ பிங் என்ற ஆராய்ச்சியாளர், அவனுடைய கடிதங்களின் மாதிரி கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவருடைய விசாவில் பதினோரு மாதம் மிச்சம். தோயாநாத் ஆறு வரைவுகளையும் திறந்து தன் பெயரை எடுத்து வெற்றிடமாக்கினான். ‘தனி ஒருவராக’ என்ற இடத்தில் வெகுநேரம் நின்றான். தான் எடுத்தாலும் வழக்கறிஞர் சேர்த்துவிடுவார் என்று சொல்லிக்கொண்டு, அதை அப்படியே விட்டு அனுப்பினான். பிறகு பராமரிப்புப் பிரிவுக்கு ஒரு படிவம் நிரப்பினான்: லோர்னா நின்று வேலை செய்யும் ஆய்வகக் கழுவுதொட்டியை இரண்டு அங்குலம் இறக்கித் தர வேண்டும். எப்போதைக்குள் என்ற இடத்தில், அடுத்த ஆண்டு என்றும், காரணம் என்ற இடத்தில், வழக்கமானது என்றும் எழுதினான். பராமரிப்புப் பிரிவு எதுவும் கேட்கவில்லை. ஆள் வந்து அளந்துகொண்டு போனார்.