கைதட்டக் கூடாத இடம்

கண் எதற்கு இருக்கிறது இந்த விருது நடுவர்களுக்கு? முகத்துக்கு அழகாக இருக்கட்டும் என்றா? முன்வரிசையில் ஓசியில் உட்கார்ந்து, இடைவேளையில் காபியும் பிஸ்கட்டும் வாங்கித் தின்றுவிட்டு, ஐந்து நடிகைகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எந்த ஐந்து பேர்? அழுதவள், கத்தியவள், மேடையில் மொட்டை அடித்துக்கொண்டவள். மனுஷியாக இருந்து காட்டியவளுக்கு மட்டும் இடமில்லை.

இவ்வளவையும் மனசுக்குள்ளேயே திட்டிக்கொண்டு, ஈர வாடை போகாத படுக்கை விரிப்பை அவள் படாரென்று உதறினாள்.

"மெதுவாடி. கிழிஞ்சா நம்ம தலையில கட்டிருவாங்க," என்றாள் விரிப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தவள். ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் பல வருஷமாக இருவரும் ஒரே விரிப்பின் இரண்டு முனைகள். சுவர் ஓரமாக இயந்திரங்கள் உறுமிக்கொண்டே இருப்பதால் இங்கே யாரும் பேசுவதில்லை, கத்துவார்கள்.

"யாரு செத்துட்டாங்கன்னு மூஞ்சிய இப்படி வச்சிருக்கே?"

"லிஸ்ட் வந்துருச்சு."

"என்ன லிஸ்ட், ஷிஃப்ட் லிஸ்டா?"

"நாடக விருது. நம்மாளு பேரு அதுல இல்ல."

"அந்தம்மா இந்நேரம் குறட்டை விட்டுத் தூங்கிட்டிருக்கும். உனக்கென்ன வயித்தெரிச்சல்? அவங்க உனக்குச் சித்தி மகளா, மாமன் மகளா?"

விரிப்பை இரண்டாக மடித்து, நான்காக மடித்து, அடுக்கின்மேல் வைத்தாள். அவளுக்கே அது விளங்கவில்லை. கோபம் என்றால் இறங்க வேண்டும் இல்லையா? இது காலையிலிருந்து தொண்டையிலேயே நிற்கிறது.

வேலை முடிந்ததும் நாத்தனாரின் போன் வந்தது. "அண்ணி, நேரா ஜெராக்ஸ் கடைக்கு வந்துடுங்க. எல்லாரும் வந்தாச்சு. நீங்க இல்லாம ஒண்ணும் நடக்காது."

ஜெராக்ஸ் கடைக்காரர்தான் அந்த நடிகையின் ரசிகர் சங்கத்துக்குத் தலைவர். நாத்தனார் செயலாளர். அவள் எந்தப் பதவியிலும் இல்லை; ஆனால் பட்டம் உண்டு. நாள் முழுக்க விரிப்பு உதறிய கைகள் தட்டினால் அரங்கம் அதிரும் என்பதால் சங்கத்தில் எல்லோருக்கும் அவள் 'இடி அக்கா'. எங்கே தட்ட வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். வசனம் முடிந்து, அதன் சூடு ஆறுவதற்குள், சரியான நொடியில் முதல் தட்டு அவளுடையது. மற்றவர்கள் தொடர்வார்கள். வாழ்க்கையில் வேறு எங்கும் அவள் பின்னால் யாரும் வந்ததில்லை.

கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இயந்திரங்களுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். காகிதக் கட்டுகளின்மேல் கறுப்பு ரிப்பன் சுருள் ஒன்று கிடந்தது. தலைவரின் கண்கள் சிவந்திருந்தன. பாவம், மனுஷர் உண்மையாகவே அழுதிருக்கிறார்.

"மொட்டை அடிச்சா விருதுன்னா, எங்க சலூன்காரன் வாராவாரம் வாங்கணும்," என்றார் அவர்.

"சிரிக்கிற நேரமா சார் இது?" என்றாள் நாத்தனார். "நாளைக்குத்தான் அவங்க நாடகத்தோட கடைசி ஆட்டம். டிவிக்காரங்க வர்றாங்க. விட்டா இனிமே கிடையாது. எல்லாரும் கறுப்பு ரிப்பன் கட்டிட்டுப் போறோம். ரெண்டாவது அங்கத்துல எழுந்து நின்னு கைதட்டுறோம். தட்டிட்டே இருக்கோம். ஆட்டம் நிக்கட்டும். அப்பத்தான் உறைக்கும்."

"ரெண்டாவது அங்கத்துல எங்க?" என்று அவள் கேட்டாள்.

"அந்தச் செருப்பு கழட்டுற இடம். அங்க யாரும் பேசமாட்டாங்க, பாட்டு இல்ல, ஒண்ணும் இல்ல. ஊசி விழுந்தா கேக்கும். நீங்க ஒரு தட்டு தட்டுனா போதும் அண்ணி, வாசல் வரைக்கும் கேக்கும்."

தலைவர் தலையை ஆட்டினார். "சரியான இடம்தான்."

அவள் ரிப்பன் சுருளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த இடம். மகனைச் சிறைக்கு அனுப்பிவிட்டு வந்த தாய், வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்ற உட்காருகிறாள். ஒரு செருப்பு வந்துவிடுகிறது. மற்றதன் வார் மாட்டிக்கொள்கிறது. இழுக்கிறாள், வரவில்லை. அவ்வளவுதான். கால் விரலைப் பிடித்தபடி அப்படியே இருக்கிறாள். அழுவதில்லை. பிறகு ஒற்றைச் செருப்போடு எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைக்கிறாள்.

முதல்முறை பார்த்தபோது இவளுக்குத் தன்னையே பார்த்த மாதிரி இருந்தது. தங்கையை அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பிய சாயங்காலம் இவளும் அப்படித்தான் நின்றாள், சமையலறையில், கையில் தீப்பெட்டியோடு, அடுத்து என்ன செய்வது என்று மறந்துபோய். வீடு நிறைய ஆட்கள். ஒருவரும் பார்க்கவில்லை. "அண்ணி, டீ ஆச்சா?" என்று இதே நாத்தனார்தான் கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள். சின்னப் பெண் அப்போது. அவளைக் குற்றம் சொல்லி என்ன? இவள் டீ போட்டாள். அதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல அதில் என்ன இருக்கிறது?

அதைத்தான் முன்பின் தெரியாத ஒருத்தி விளக்கு வெளிச்சத்தில் கொண்டுவந்து வைத்தாள். அப்படியானால் அது இருந்திருக்கிறது. நடந்திருக்கிறது.

இப்போது விஷயம் தெரிந்த நடுவர்கள் அதே இடத்தைப் பார்த்துவிட்டு, அங்கே ஒன்றும் இல்லை என்று எழுந்து போய்விட்டார்கள். காலையிலிருந்து தொண்டையில் நின்றது இதுதான் என்று அவளுக்கு இப்போது புரிந்தது. 'உனக்கென்ன தெரியும்' என்று கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வாரே, அதையே நடுவர்கள் எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுச் சொன்ன மாதிரி இருந்தது. தான் பார்த்தது நிஜமா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் தாங்கவில்லை.

"என்ன அண்ணி, யோசனை?"

"ஆட்டம் முடிஞ்சப்புறம் தட்டுவோமே. விடிய விடிய வேணும்னாலும் தட்டுறேன்."

"முடிஞ்சப்புறம் ஊரே தட்டும். அது எப்படிப் போராட்டம் ஆகும்?"

"அந்தம்மாவுக்கு நடிப்பு கெட்டுரும்."

"ஒருநாள் கெட்டா என்ன? அவங்களுக்காகத்தானே செய்யறோம்." நாத்தனாரின் குரல் கம்மிற்று. "உங்களவிட அவங்க மேல உயிரா இருக்கறவங்க யாரு அண்ணி? நீங்களே இப்படிப் பேசுனா?"

"இடி அக்கா பயப்படுறாங்க," என்று பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

"பயமெல்லாம் இல்ல. வீட்ல அண்ணன் என்ன சொல்லுவாரோன்னு," என்று நாத்தனார் அவளுக்காகப் பரிந்து பேசினாள். அந்தப் பரிவுதான் கேலியைவிட அதிகமாகக் குத்தியது.

அந்தத் தீப்பெட்டிக் கதையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். சொன்னால் எல்லோரும் உச்சுக் கொட்டுவார்கள். நாத்தனார் கட்டிப்பிடித்துக்கொண்டு அழக்கூடும். அப்புறம், 'அப்படின்னா நீங்கதான் அண்ணி அந்த இடத்துல தட்டணும்' என்பாள். வேண்டாம்.

தலைவர் ரிப்பனிலிருந்து ஒரு துண்டு வெட்டி நீட்டினார். "வற்புறுத்தல மா. ஆனா நீங்க ஆரம்பிக்கலேன்னா வேற யாருக்கும் அந்தத் தைரியம் வராது. அதையும் தெரிஞ்சுக்குங்க."

அது அவளுக்குத் தெரிந்ததுதான். நாளையிலிருந்து இந்த ஸ்டூல்களில் ஒன்று தனக்கு இருக்காது என்பதும் தெரிந்தது. ரிப்பனை வாங்கி மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள்.

"இதக் கட்டிக்கிறேன்," என்றாள். "எனக்கும் கோபம்தான். ஆனா அந்த இடத்துல தட்டமாட்டேன்."

"அண்ணி—"

"மாட்டேன்மா," என்றாள், சத்தமே இல்லாமல்.