ஊழியர் குறிப்புப் பெட்டி

கணினித் திரையில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரே வரி: 'பெயர் தெரியாத தொழிலாளர்கள்.' கட்டுக்காரருக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று கோபம் ஏறியது.

நூலகத்தில் செய்தித்தாள் கட்டுகளைச் சுமப்பவர். அதனால் அந்தப் பெயர். நாற்பதைத் தாண்டித்தான் எழுத்துக் கூட்டப் படித்தார். மூடிப்போன ஆலையின் படங்கள் ஸ்கேனுக்கு வந்தபோது, அங்கே மூட்டை தூக்கியவர் என்று அவரையே உட்கார வைத்தார்கள். ஒற்றை விரலால் தட்டித் தட்டி, இரண்டு வருடம், முகத்துக்கு முகம் பெயர் போட்டார். பன்னிரண்டாம் படத்தில் பஞ்சுப் பொதியருகே நிற்பது அவருடைய செத்துப்போன அக்கா. அவள் பெயர் எழுதியிருந்த ஒரே இடம் அதுதான்.

"பேரெல்லாம் எங்க சார் போச்சு?"

மேலாளர் நிமிரவில்லை. "படத்தையெல்லாம் புது மென்பொருளுக்கு மாத்தியாச்சு. வெளியாளுங்க பார்க்கிற பெட்டியில இருந்தது மட்டும் வந்திருக்கு. நீங்க எதுல போட்டீங்க?"

ஊழியர்கள் மட்டும் பார்க்கும் 'ஊழியர் குறிப்பு' என்ற பெட்டியில். மூட்டை தூக்கின கை எழுதினதை ஊரே பார்க்க வேண்டாமே என்ற கூச்சம். படித்தவர்கள் சரிபார்த்து வெளியே எடுத்து வைப்பார்கள் என்று நம்பியிருந்தார். ஒருத்தரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. தன் மேலேயே கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

"பழசுல இருக்குமே?"

"அதை இன்னிக்கு அழிக்கிறாங்க. சும்மா கிடைச்ச மென்பொருள், அதுக்குன்னு தனியா ஒரு மெஷினா?"

"சும்மா கிடைச்சா குப்பையா சார்? அந்த ஆலைக்கு நாங்களும் அப்படிக் கிடைச்சவங்கதான்!"

மெஷின் அறைக்கு ஓடினார். கணினி வேலை பார்க்கும் பெண், அழிப்பதற்காக விசைப்பலகையில் கை வைத்திருந்தாள்.

"கையை எடும்மா!"

பதறிப்போய் எடுத்தாள். விஷயத்தைக் கேட்டதும் பழைய மென்பொருளைத் திறந்தாள். பெயர்கள் அத்தனையும் அப்படியே இருந்தன.

"நல்லவேளை அண்ணே, இன்னும் அழிக்கல. இந்தப் பழைய மென்பொருள் எல்லாருக்கும் பொதுவா எழுதி வச்சது. யாரு வேணா எடுத்து ஓட்டலாம், நகல் எடுக்க எவன்கிட்டயும் கைகட்டி நிக்க வேணாம். புதுசுல ஒரு பெட்டியைத் தொடணும்னாலும் கம்பெனிக்காரன் வாசல்ல நிக்கணும்."

"அப்ப எடு நகலை. எடுத்துட்டு, அந்த நகல்லயே பேரையெல்லாம் ஊர் பார்க்கிற பெட்டிக்கு மாத்து."

"நீங்க எழுதினபடியேவா?"

"எழுதினபடியே."

கட்டுக்காரர் முக்காலியை இழுத்து வாசலுக்குக் குறுக்கே போட்டு, வெளியே முதுகு காட்டி உட்கார்ந்தார். மேலாளர் வாசலுக்கு வெளியே வந்து நின்றார்.

"யாரைக் கேட்டு இதெல்லாம்? வேலையை விட்டே தூக்கிடுவேன்!"

"தூக்குங்க சார்," என்றார், திரும்பாமலே. "நாளையில இருந்து பேப்பர் கட்டையும் நீங்களே தூக்குங்க. நீ பன்னிரண்டாம் படத்துல இருந்து ஆரம்பிம்மா."