தரையில் படாத கால்

மற்ற கட்டுமரமெல்லாம் கரை ஏறிவிட்டது. லூர்துசாமியின் மகன் சவரியுடையது மட்டும் வரவில்லை. காற்று அடங்கிவிட்டது என்று ரேடியோக்காரன் சொன்னான். ரூமுக்குள் உட்கார்ந்திருப்பவன் எந்தக் கடலைப் பார்த்தான்?

லூர்துசாமி குப்பத்தில் ஒரு இடத்தில் உட்காரவில்லை. "பரங்கிமலை மாதாவுக்குப் பொருத்தனை வெச்சிட்டேன். அடிவாரத்துலேர்ந்து கோயில் வரைக்கும் சைக்கிள்லயே ஏறணும். காலு தரையில படக்கூடாது. மேலேர்ந்து கடலையும் பார்த்துடலாம்," என்றான்.

பொருத்தனை, நேர்த்திக்கடன் இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. கிழவன் பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவான் என்றுதான் கூடப் போனேன்.

எங்கள் கூட்டாளி பாண்டுரங்கன் அடையாற்றில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தான். மூன்று வண்டி எடுத்தான். குனிந்து பார்த்தேன்.

"பிரேக்கு எங்கடா?"

"காலு எதுக்குக் கீது மாமா? அடையாறு பூரா அப்பிடித்தான் நிறுத்துறான்."

"லூர்துசாமிக்குத்தான் காலு படக்கூடாதே."

"ஏறத்தானே போறாரு? ஏறுறவனுக்கு இன்னாத்துக்கு பிரேக்கு?"

பிரேக் இல்லாததுதான் வழியெல்லாம் எனக்கு உறுத்திக்கொண்டே வந்தது.

கிண்டி தாண்டி அடிவாரத்தில் லூர்துசாமி ஒரு கல்லின்மேல் நின்று வண்டியில் ஏறினான். ரோடு வளைந்து வளைந்து மேலே போனது. ஓரமெல்லாம் மரம். கீழே விமானங்கள் பொம்மை மாதிரி நின்றன.

"பாரு மாமா, இன்னா அழகு," என்றான் பாண்டுரங்கன்.

நான் லூர்துசாமியின் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தேன். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. மூச்சு விசிலடித்தது. நாங்கள் இரண்டு பேரும் எங்கள் வண்டியை ரோட்டோரச் சுவரில் சாய்த்துவிட்டு அவனுக்கு இரண்டு பக்கமும் நடந்தோம். நடைக்கே அவன் ஈடு கொடுக்கவில்லை.

"தள்ளட்டுமா?"

"தொடாத."

ஒரு வளைவில் மூச்சு வாங்க மிதிப்பதை நிறுத்தினான். நம்ம பக்கத்து ரோட்டில் நிறுத்தினாலும் வண்டி தானாகக் கொஞ்சம் ஓடும். மேட்டில் பின்னால் வரும் என்று எங்கள் மூன்று பேருக்குமே தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்தது மணலும் மட்டமான ரோடும்தான். வண்டி பின்னுக்கு உருண்டது. பழக்கத்தில் அவன் இடது கால் இறங்கியது. சட்டென்று என் காலை அடியில் நீட்டினேன். அவன் குதிகால் என் விரல்களை நசுக்கியது. பாண்டுரங்கன் கேரியரைப் பிடித்துவிட்டான்.

லூர்துசாமியின் சுண்டுவிரல் மட்டும் தாரில் பட்டிருந்தது. நான் பார்த்தேன்.

"பட்டுச்சா?" என்றான், முன்னால் பார்த்தபடியே.

"என் கால்மேல நிக்கிற. மிதி."

மிதித்தான். எப்படி மேலே போய்ச் சேர்ந்தான் என்று எனக்கே தெரியாது. கோயில் முன்னாலும் இறங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டிலேயே இருந்தான். கண்ணில் புரை.

"நீ பாரு. கட்டுமரத்துப் பாய் தெரியுதா?"

கிழக்கே மரங்களுக்கு அப்பால் கடல் ஒரு கோடாகக் கிடந்தது. வெள்ளையாக ஒன்றும் இல்லை.

"தெரியல."

கொஞ்ச நேரம் சுவரையே தடவிக்கொண்டிருந்தான்.

"நெஜமா சொல்லு. காலு படலியா?"

படவில்லை என்றால், எல்லாம் செய்தும் மாதா கைவிட்டாள் என்று ஆகும். பட்டது என்றால் மறுபடி ஏறுவான், செத்தாலும்.

"சுண்டுவெரலு பட்டுச்சு," என்றேன்.

லூர்துசாமி முகம் தெளிந்தது. "அதான். அதான் தெரியல." வண்டியைக் கீழ்நோக்கித் திருப்பச் சொன்னான்.

பாண்டுரங்கன் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு ஒரு பக்கம் கேரியரைப் பிடித்தான். மறுபக்கம் நான். மறுபடியும் ஏறுவதற்காக, கிழவனை இழுத்துப் பிடித்தபடி இறங்கினோம்.