யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம்

லேத் மெஷின் திடீரென்று நின்றது. இரும்பைச் சீவும் டூலின் முனை முறிந்து, மாணவி கனிமொழி நாள்கணக்காகக் கடைந்து கொண்டுவந்த தண்டின் மேல் அசிங்கமாக ஒரு கீறல் விழுந்தது.

குனிந்து வேலை காட்டிக்கொண்டிருந்த பயிற்சி ஆசிரியை அனுசுயா நிமிர்ந்தாள். மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானின் மேல் இன்னும் கையை வைத்தபடி நின்றிருந்தாள் இன்னொரு மாணவி ஜெபிஷா.

"யாரைக் கேட்டு அமுக்கின?"

"மேடம், அது வந்து..."

"வாயைத் திறக்காதே! கனிமொழியோட பரீட்சை ஜாப் அது. வெளியே போ. நாளைக்கு உங்க அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா."

ஜெபிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

அம்பத்தூர் தொழிற்பயிற்சி நிலையத்தில் கடைசல் வேலை கற்கும் டர்னர் வகுப்புக்கு வந்திருந்த அத்தனை பெண்களும் அனுசுயாவின் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்த்தார்கள். அவளும் குனிந்து பார்த்தாள். கோட்டின் மேல் பொத்தான் கழன்று, தாலிச்செயின் வெளியே வந்து ஊஞ்சல்போல ஆடிக்கொண்டிருந்தது. தண்டைக் கவ்விப் பிடித்துச் சற்று முன்வரை சுழன்ற சக்குக்கும் அதற்கும் இடையில் ஒரு விரல் நுழையாது.

 சக் அதைக் கவ்வியிருந்தால் கழுத்தையும் சேர்த்து இழுத்திருக்கும்.

கனிமொழிதான் வாயைத் திறந்தாள். "ஜாப் போனா போவுது மேடம், இன்னொண்ணு கடைஞ்சிக்கிறேன். ஆனா மொத நாளு என் கையில இருந்த திருவேற்காட்டு அம்மன் கயித்த அறுக்கச் சொன்னீங்களே. மெஷினுக்கு சாமி தெரியாதுன்னீங்க. அன்னிக்கு ஊட்டுக்குப் போயி எவ்ளோ அழுதேன் தெரியுமா?"

அனுசுயா நேராக வாசலுக்குப் போனாள். சுவரோரம் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த ஜெபிஷாவைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தாள்.

"ஆபத்துன்னு பட்டா யார் வேணும்னாலும் மெஷினை நிறுத்தலாம்னு சொல்லிக்கொடுத்தது நான். நீ அதைச் செஞ்சே. உன்னை ஒரு வார்த்தை பேச விடாம திட்டினதும் நான்தான். மன்னிச்சிடும்மா. உடைஞ்ச டூலுக்கு நானே ஆபீஸ்ல பதில் சொல்லிக்கிறேன். நாளையிலேர்ந்து இது கழுத்துல இருக்காது."

"ஐயோ மேடம்! உங்க மாமியாரு இன்னா சொல்வாங்க?" என்றாள் ஜெபிஷா, அழுகையை மறந்து.

அந்தக் கவலைதான் அனுசுயாவையும் பஸ்ஸில் வழிநெடுக அரித்தது. மஞ்சள் கயிற்றைப் பிரித்துத் தாலியைத் தங்கச் செயினில் கோர்த்துப் போட்டுப் பத்து நாள்கூட ஆகவில்லை.

நினைத்தபடியே ஆயிற்று. தாலியைக் கழற்றப்போவதாகச் சொன்னதும் மாமியார் கன்னியம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அரிவாள்மணையை அப்படியே மடக்கி வைத்தாள்.

"இன்னாடி பேச்சு இது? கட்னவன் கல்லு மாதிரி இருக்க சொல்ல தாலிய கழட்டுவியா?"

அண்ணனூர் ரயில் ஷெட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்த கணவன் கிஷோர், சட்டையைக்கூட மாற்றாமல் குறுக்கே வந்தான். "யம்மா, நானும்தான் ஷெட்ல மோதிரத்த கழட்டி வெச்சிட்டு வேல செய்றேன்."

"மோதிரமும் தாலியும் ஒண்ணாடா உனக்கு? ஏன்டி, செயின் வாணாம்னா குட்டையா கயித்துலயே போட்டுக்கயேன். வெளிய தெரியாது."

அந்த நொடியில் அனுசுயாவுக்கு அது போதும் என்றே தோன்றியது. வீட்டிலும் சண்டை வராது. ஆனால் கனிமொழியின் முகம் கண்முன் வந்து நின்றது.

"ஒரு பொண்ணோட சாமிக் கயித்தை அறுக்க வெச்சிட்டு, நான் மட்டும் கயிறு கட்டிக்கிட்டு எப்படி அத்தை அங்க நிக்கிறது? இன்னிக்கு ஒருத்தி பொத்தான்ல கையை வெச்சு மெஷினை நிறுத்தலைன்னா, செயினோட என் தலையும் உள்ள போயிருக்கும்."

கிஷோர் வெளுத்துப்போய் அவளைப் பார்த்தான். அந்த விவரம் அவனுக்கு இப்போதுதான் தெரியும். அம்மா இருக்கிறாள் என்றும் பாராமல் அனுசுயாவின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

கன்னியம்மா அரிவாள்மணையை மறுபடி விரித்து வெங்காயத்தை அரியத் தொடங்கினாள். 

காலையில் அனுசுயா செருப்பை மாட்டும்போது அவள் ஒரு வெள்ளிக் குங்குமச்சிமிழைத் துடைத்துக் கொண்டுவந்து கையில் திணித்தாள். "கண்ட எடத்துல வெக்காத. இதுக்குள்ள வெய்யி. சாயங்காலம் நான்தான் போட்டுவுடுவேன், நீயா போட்டுக்காத."

அன்று வகுப்பில் மெஷினைத் தொடும் முன், எல்லோரும் பார்க்க அனுசுயா தாலியைக் கழற்றினாள். சிமிழுக்குள் வைத்து மூடினாள். 

"கவலைப்படாதீங்க மேடம். உங்க ஊட்டு சாருக்கு வோணா ஒரு போன் போட்டு, நல்லா கீறாரான்னு கேட்டுக்கலாம்," என்றாள் கனிமொழி. வகுப்பு கொல்லென்று சிரித்தது. அனுசுயாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சாயங்காலம் கதவைத் திறந்த கன்னியம்மா முதலில், "கைய கழுவுடி, ஒரே எண்ணெ நாத்தம்," என்றாள். பிறகு சிமிழை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மருமகளின் கழுத்தில் செயினை மாட்டினாள்.

"மெஷின நிறுத்துனாளே, அந்த பொண்ணு பேரு இன்னா?"

"ஜெபிஷா."

"வேதக்காரப் பொண்ணா? ஞாயித்துக்கெழம சர்ச்சு முடிஞ்சி இங்க சாப்ட வரச் சொல்லு." கொக்கியைச் சரிசெய்த விரல்கள் அவள் கழுத்திலேயே கொஞ்ச நேரம் தங்கின. "அந்த சாமிக் கயிறு கட்டியிருந்த பொண்ணயுந்தான்."