ஆற்றுத்துறைக்கு அனுப்பிய வணக்கம்

ஞாயிறு எழுந்து நாழிகை இரண்டு கழிந்தும், வடபாலை நிலத்தினின்று ஆண்டுதோறும் இறங்கி வரும் புழுதிக்காற்று வெண்டிரையாய் விரிந்து கதிரை மறைத்து நிற்க, பிரா ஆறு தன் கரைகளைக் காட்டாது ஒலியை மட்டும் காட்டி ஓட, பாய்களிற் பரப்பிய கொக்கோ விதைகளின் புளித்த மணம் தெருவெல்லாம் நிறைய, என்சுவாசே என்னும் ஊர் விழித்தும் விழியாததுமாய்க் கிடந்தது. கற்றறிந்த நல்லோரே, நாற்பதாண்டு அங்கு வாழ்ந்தவன் யான். ஆதலின் ஒன்று சொல்வேன். அப்புழுதிக் காலத்தில் எங்கள் ஊரார் ஆற்றுத்துறைக்குத் தனியே செல்லார். ஏன் என்று கேட்டால், படி வழுக்கும் என்பர். சொட்டு மழையும் இல்லாத மாதத்தில் படி வழுக்குகிறதாம், கேளுங்கள் கதையை.

அன்று, 'நானா' என்று மதிப்போடு அழைக்கப்படும் குடித்தலைவர் பெதியாக்கோவின் முற்றத்தில் அவரோடு சேர்த்து முதியோர் பதினொருவர் வரிசையாய் அமர்ந்திருந்தனர். கடல் கடந்து யமைக்காத் தீவிலிருந்து வந்தவளும், தன் வேரைத் தேடுதற்கென்றே ஈராண்டு கடற்கரை நகரில் தங்கி எங்கள் மொழியைப் பயின்றவளும், ஐம்பது அகவை கடந்தவளுமாகிய வெரோனா உள்ளே வந்தாள். வலப்பக்கத்து முதல்வரில் தொடங்கி, ஒருவரையும் விடாது, இடக்கையை நீட்டாது, வலக்கையால் ஒவ்வொருவர் கையையும் பற்றி வணங்கி முடித்து, தனக்கிட்ட இருக்கையில் அமர்ந்தாள். கொடுத்த நீரைப் பருகிக் கடைசித் துளிகளை மண்ணுக்கு ஊற்றினாள். முதியோர் தலையசைத்தனர். தலைவரின் சொல்லைச் சபைக்கும் சபையின் சொல்லைத் தலைவருக்கும் எடுத்துரைக்கும் செச்செரே, கோலை ஊன்றி, விருந்தினர்க்கெல்லாம் சொல்வதையே அவளுக்கும் சொன்னார்.

"இங்க எல்லாம் அமைதிதான். வழி நடந்து வந்தவ நீதான். என்ன சேதி, சொல்லு."

தன் தாய்வழி மூதாய் எந்த வீட்டிலிருந்து அடிமையாய்ப் போனாள் என்று அறிவதொன்றே தனக்கு வேண்டியது என்றாள் வெரோனா. ஏடு இல்லை, சான்று இல்லை. தாய் மகளுக்கும் அம்மகள் தன் மகளுக்குமாக ஏழு தலைமுறை காத்துக் கொடுத்த ஒரு பேச்சு மட்டுமே கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு இவ்வாற்றங்கரையில் எட்டு ஊர்களில் கேட்டு, எட்டிலும் நீர் பருகி வெறுங்கையாய்த் திரும்பியிருந்தாள். ஒன்பதாவது ஊரில் அதைச் சொன்னாள்.

"மாமன் என்னைப் பிரா ஆத்துத்தொறைக்கு அனுப்புனாரு. அங்க ஒருத்தர் உக்காந்திருப்பாரு, என் வணக்கத்தச் சொல்லிட்டு வான்னாரு. சொன்னேன். என் கையைக் கட்டிட்டாங்க. எங்க ஆத்தாமாரு விட்டுட்டுப் போனது இவ்வளவுதான்."

பெதியாக்கோவின் வீட்டாருக்கு ஒரு வழக்கம் உண்டு. மற்றவர் போல் "அவரை நான் கேட்டதாகச் சொல்" என்று எவர் வழியாகவும் வணக்கம் அனுப்பமாட்டார்கள். காய்ச்சலில் கிடந்தாலும் எழுந்து தாமே நடந்து சென்று சொல்வார்கள். அவ்வீட்டு வணக்கம் சொந்தக் காலில்தான் வரும் என்று ஊரார் கேலி பேசுவதுண்டு, யானும் பேசியிருக்கிறேன். அனுப்பினால் ஆகாது என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தனர். ஏன் ஆகாது என்பதை அறிந்தவர் அன்று அம்முற்றத்தில் நால்வர் இருந்தனர்.

அவருள் ஒருத்தி, குடியின் பெண்மூத்தாள் பொசுவா, தலைவர் காதோரம் சாய்ந்தாள். "நம்மூருப் பேரு ஒண்ணு வச்சு, நல்ல துணியா ரெண்டு குடுத்து அனுப்பிவிடு. வேரைத் தோண்டினா மரம் நம்ம மேலதான் விழும்." அவள் அஞ்சியதும் வெற்றச்சம் அன்று. பெதியாக்கோவை இறக்கிவிட்டுத் தலைவர் இருக்கையில் ஏறக் காத்திருக்கும் மற்றொரு கிளையார் அதே வரிசையில் இருந்தனர். ஒருவர் பிறப்பின் வேரை மற்றொருவர் வெளியிடலாகாது என்பது எங்கள் முன்னோர் வகுத்த சட்டம். அடிமையாய் வந்து குடியிற் கலந்தவர்களை இழிசொல்லிலிருந்து காக்க எழுந்த நல்ல சட்டம் அது. காக்கப்பட வேண்டியவளை வாசலில் நிறுத்திவிட்டு, வணக்கத்தை அடையாளமாய்க் கொடுத்தனுப்பி மருமகளை ஆற்றுத்துறையில் விற்ற முன்னோனை அதனுள் ஒளித்துவைப்பதா? இன்றும் எனக்கு நெஞ்சு எரிகிறது.

எங்கள் நாட்டில் முன்னோர் இருக்கையில் அமர்ந்தவன், அதில் அமர்ந்து மாண்டவர் செய்ததையெல்லாம் 'நான் செய்தேன்' என்றே சொல்வான். வென்ற போர்களை அவ்வாறு பலமுறை சொன்னவர் பெதியாக்கோ. இப்போது செச்செரேயைக் கையமர்த்திவிட்டு, காலணியைக் கழற்றி வெறுந்தரையில் கால் வைத்து, தம்மினும் மேலோர் முன் செய்வது போல் மேலாடையைத் தோளினின்று இறக்கிவிட்டுத் தாமே வாய் திறந்தார்.

"உன்னை அனுப்புனது நாந்தான்."

பொசுவா முகத்தை மூடிக்கொண்டாள். ஏவியவன் திரும்பி வந்த ஏவலாளைக் கேட்கவேண்டிய முறைப்படி அவர் கேட்டார். "போன காரியம் என்னாச்சு மருமவளே? என் வணக்கத்தச் சொன்னியா?"

வெரோனா தேடி வந்த வீடு கிடைத்துவிட்டது. கிடைத்ததே என்று மகிழ அவளால் இயலவில்லை.

"சொன்னேன் மாமா. பதில் வணக்கம் ஒருத்தரும் சொல்லல. அதான் திருப்பிக் கொண்டாந்துட்டேன். நீங்களே வச்சுக்குங்க."

விருந்தினர் சேதி சொல்லி முடித்தபின் வீட்டார் எழுந்து சென்று அவர் கையைப் பற்றி வரவேற்பது முறை. பதினொருவரும் எழுந்தனர். பதின்மர் கையை அவள் பற்றினாள். அப்பதின்மருள் ஒருத்தியான பொசுவாவின் கையையும் தள்ளவில்லை. கடைசியாய்ப் பெதியாக்கோ வந்து வலக்கையை நீட்டியபோது, அவள் தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள்.

இன்று அவள் அவ்வீட்டு மகள். நிலத்திற் பங்கும் அடுப்பும் அவளுக்கு உண்டு. அவரை மாமா என்றே அழைக்கிறாள். பெதியாக்கோவின் இருக்கை மட்டும் அவ்வாண்டே கைமாறிற்று. ஆயினும் புழுதி மூடிய காலைதோறும் அம்முதியவர் தள்ளாடி நடந்து அவள் வாயிலுக்கு வந்து, வணக்கம் கூறி, கையை நீட்டுகிறார்; அவள் கை இன்னும் மடியிலேயே இருக்கிறது. அவர் செய்ததன்று அக்கொடுமை. எனினும் ஏற்றுக்கொண்டவர் அவரே. இரத்தத்தால் வந்த உறவைத் திருப்பித் தரலாம், நல்லோரே. கட்டுண்ட கை தானாக நீளும் நாளை எந்த இருக்கையில் அமர்ந்தவனும் குறித்துவிட இயலாது.